அடங்கிய சத்தமும் அடங்காத தீங்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1990களைக் கடந்து வந்த குடும்பங்களுக்கு, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாகிவிட்ட காலம் அது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வெண்புகையைக் கக்கிக்கொண்டு அது ஓடும். பின்னால் பாரம் ஏற்றிக்கொண்டால், அல்லது எதிர்க்காற்றில் சற்று வேகம் கொடுத்தால், உள்ளே யாரோ சிறு சுத்தியலால் தட்டுவது போன்று 'டக், டக்' என்று சத்தம் எழும். மோட்டார் திருத்துபவர்கள் அதனை 'நொக்கிங்' என்பார்கள். அப்படித் தட்டிக்கொண்டே ஓடும் எஞ்சின் அதிக நாளைக்கு நிலைக்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தட்டல் சத்தத்தை அடக்குவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அம்மருந்தின் கதையை இவ்வாரம் வாசகர்களுடன் சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகின்றோம். அது வெறும் மோட்டார்க் கதை அன்று. குடத்தை உடைத்த பிள்ளை, "நான் வேணுமெண்டு செய்யேல்லை அம்மா" என்று சொல்கின்றதே, அந்தச் சொல்லுக்கு எவ்வளவு தூரம் மதிப்பு உண்டு என்பதே அக்கதைக்குள் இருக்கும் கேள்வி. நாம் கருதிச் செய்யாத தீமைக்கு நாம் பொறுப்பாளிகளா? பிள்ளைக்கு ஒரு பதில் போதும். வளர்ந்தவர்களுக்கும், பெரிய தொழிற்சாலைகளுக்கும், அரசுகளுக்கும் அதே பதில் போதுமா?

சத்தத்துக்கு ஒரு மருந்து

பெற்றோல் எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை அமுக்கப்பட்டு, பின்னர் மின்பொறியினால் பற்றவைக்கப்படுகின்றது. தீ ஒரு பக்கத்திலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆயின் எரிபொருள் தரம் குறைந்ததாக இருந்தால், அல்லது அமுக்கம் மிகுந்துவிட்டால், தீ வந்து சேருமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடித்துவிடுகின்றது. அந்த வெடிப்பின் அதிர்ச்சியே நாம் கேட்கும் தட்டல். அமுக்கத்தைக் கூட்டினால்தான் எஞ்சினின் வலு கூடும். கூட்டினாலோ தட்டல் தொடங்கிவிடும். 1910களில் மோட்டார்த் தொழில் இந்த முட்டுக்கட்டையில் வந்து நின்றது.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில், சார்ள்ஸ் கெற்றரிங் என்பவரின் கீழ்ப் பணியாற்றிய தோமஸ் மிட்ஜ்லி என்ற பொறியியலாளர் பல ஆண்டுகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருட்களைப் பெற்றோலில் கலந்து பார்த்தார். 1921 டிசெம்பர் 9ஆம் திகதி, ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைக் கலந்தபோது தட்டல் நின்றது. ரெற்ரா எதைல் ஈயம் என்பது அதன் பெயர். ஒரு கலன் பெற்றோலுக்கு ஒரு தேக்கரண்டியிலும் குறைவாகவே அது தேவைப்பட்டது. 1923 பெப்ரவரியில் ஒகையோ மாநிலத்தின் டேற்றன் நகரில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 'எதைல்' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். 'ஈயம்' என்ற சொல் அப்பெயரில் இடம்பெறவில்லை.

இங்கே ஒரு சிறு செய்தியை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஈயம் கலந்த பெற்றோலை எரித்தபோது எஞ்சினுக்குள் ஈயம் படிந்தது. வால்வுகளையும் மின்பொறிக் கட்டைகளையும் அது பழுதாக்கியது. எஞ்சினுக்கு நேர்ந்த அந்தத் தீங்கு உடனே கண்டுகொள்ளப்பட்டது. உடனே பரிகாரமும் தேடப்பட்டது. புரோமின் சேர்ந்த இன்னொரு பொருளையும் கலந்தார்கள். அது ஈயத்துடன் சேர்ந்து, ஆவியாகி, புகைக்குழாய் வழியாக ஈயத்தை வெளியே கொண்டு சென்றது. எஞ்சின் சுத்தமாயிற்று. வெளியே போன ஈயம் எங்கே போயிற்று? வீதியில் நடந்தவர்களின் மூச்சிலும், வீதியோரத்து மண்ணிலும், அந்த மண்ணில் விளையாடிய பிள்ளைகளின் விரல்களிலும் போய்த் தங்கியது.

தீங்கு ஒழிக்கப்படவில்லை, சத்தம் கேட்கும் இடத்திலிருந்து சத்தம் கேட்காத இடத்துக்கு மாற்றப்பட்டது. எஞ்சின் நோயுற்றால் தட்டிக் காட்டும். பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் ஏறினால் தட்டல் எதுவும் கேட்பதில்லை. இக்கதை முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

'கடவுளின் கொடை'

ஈயம் நஞ்சு என்பது அன்று புதிதாகத் தெரியவந்த செய்தி அன்று. உரோமைக் கட்டடக் கலைஞர் வித்ருவியுஸ், கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலேயே ஈயக் குழாயில் வரும் நீர் உடலுக்குக் கேடு என்று எழுதி வைத்தார். மிட்ஜ்லியே 1923ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈயத்தினால் நலங்குன்றி, வேலையை விட்டுச் சில வாரங்கள் புளோரிடாவில் ஓய்வெடுக்க நேர்ந்தது.

1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சி மாநிலத்தில் இந்தத் திரவத்தைத் தயாரித்த பேவே என்னும் இடத்துத் தொழிற்சாலையில் வேலையாட்கள் சித்தம் கலங்கி வீழ்ந்தனர். ஐவர் இறந்தனர், முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அங்கு வேலை செய்தவர்கள் அக்கட்டடத்தைப் 'பைத்திய வாயுக் கட்டடம்' என்று ஏற்கெனவே அழைத்து வந்தார்கள். அதே மாநிலத்தில் டீப்வோட்டர் என்ற இடத்து ஆலைக்கு 'வண்ணத்துப்பூச்சி வீடு' என்ற பெயர் வழங்கியது. நஞ்சேறியவர்கள் இல்லாத பூச்சிகளைக் கைகளால் விரட்டிக்கொண்டு நின்றதனால் வந்த பெயர் அது. எந்தக் கருவியும் அளந்து சொல்லுமுன்னர் வேலையாட்களின் வாய்ப்பேச்சு உண்மையைச் சொல்லிவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்க மேலிடத்தில் ஆள் இருக்கவில்லை.

அம்மாதம் 30ஆம் திகதி மிட்ஜ்லி பத்திரிகையாளரை அழைத்து, அவர்கள் கண்முன்னே அத்திரவத்தில் தம் கைகளைக் கழுவி, ஒரு நிமிட நேரம் அதனை முகர்ந்தும் காட்டினார். சில நகரங்களும் மாநிலங்களும் விற்பனையைத் தடைசெய்தன. 1925 மே 20ஆம் திகதி, அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி வாஷிங்ரனில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். கம்பனியின் சார்பில் பேசிய ஒருவர் இப்பொருளைக் கடவுளின் கொடை எனத் தோன்றுவதாக வர்ணித்தார். ஹாவாட் பல்கலைக்கழகத்து வைத்தியர் அலிஸ் ஹமில்ற்றன் அம்மையாரும், யேல் பல்கலைக்கழகத்து யண்டெல் ஹென்டர்சனும் எதிர்த்து நின்றனர். இந்த நஞ்சு மிக மெதுவாகவே ஏறும், மக்களும் அரசும் விழிப்படையுமுன்னர் உலகெங்கும் இது பரவிவிடும் என ஹென்டர்சன் எச்சரித்தார். அவர் சொன்னபடியே ஆயிற்று.

நிபுணர் குழுவொன்று நியமிக்கப்பட்டது. அது சில மாதங்களில் 252 பேரைப் பரிசோதித்து, இப்போதைக்குத் தடைசெய்யப் போதிய காரணமில்லை என 1926 ஜனவரியில் அறிக்கையிட்டது. வாகனங்கள் பெருகும்போது நிலைமை மாறக்கூடும், ஆகவே ஆய்வு தொடர வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறியது. முதற்பகுதி உடனே செயற்படுத்தப்பட்டது. விற்பனை மீண்டும் தொடங்கியது. இரண்டாம் பகுதியை அரசு கைவிட்டது. அதன்பின் நாற்பது ஆண்டுகளாக ஈயத்தைப் பற்றிய ஆய்வின் பெரும்பகுதி, அதனை விற்றவர்களின் பணத்தில் நடந்த ஓர் ஆய்வுகூடத்திலேயே நடைபெற்றது. அதன் தலைவர் றொபேட் கீஹோ. ஈயம் மனித உடலில் இயல்பாகவே இருப்பது, குறித்த ஓர் அளவு வரைக்கும் அது தீங்கு செய்யாது, தீங்கு செய்கின்றது என்பவர்களே அதனை நிரூபிக்க வேண்டும் என்பதே அவரது நிலைப்பாடு.

பூமியின் வயதைத் தேடியவர்

உண்மை எதிர்பாராத வாசல் வழியாக வந்தது. கிளெயர் பற்றர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு மோட்டார் வாகனத்தைப் பற்றி எந்தக் கவலையும் இருக்கவில்லை. அவர் தேடியது பூமியின் வயதை. யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறுகின்றது. ஆகவே பாறையிலும் விண்கல்லிலும் உள்ள ஈயத்தை நுணுக்கமாக அளந்தால் வயதைக் கணிக்கலாம். 1940களின் இறுதியில் சிக்காகோவில் அவர் அளக்கத் தொடங்கியபோது கணக்குச் சரிவரவில்லை. எங்கு பார்த்தாலும் இருக்க வேண்டியதிலும் அதிகமாக ஈயம் இருந்தது. தூசியில், தண்ணீரில், கண்ணாடிப் பாத்திரத்தில், தம் சொந்தத் தலைமயிரில்கூட இருந்தது.

வேறொருவர் சலிப்படைந்து வேலையைக் கைவிட்டிருப்பார், அல்லது கணக்கைச் சற்றுத் திருத்தியிருப்பார். பற்றர்சன் அப்படிச் செய்யவில்லை. தரையைத் துடைத்து, பாத்திரங்களை அமிலத்தில் கழுவி, காற்றை வடிகட்டி, கலிபோர்ணியாவில் முற்றிலும் தூய்மையான ஓர் ஆய்வுகூடத்தையே அமைத்தார். பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்ற முடிவை 1956இல் வெளியிட்டார். இன்றும் பாடநூல்களில் உள்ளது ஏறத்தாழ அந்தக் கணக்கே.

ஆயின் அத்துடன் அவர் நிற்கவில்லை. தம் வேலையைக் கெடுத்த அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கடலின் ஆழத்து நீரிலும் மேல்மட்டத்து நீரில் ஈயம் பன்மடங்கு மிகுந்திருந்தது. கிறீன்லாந்தின் பனிப் படிவங்களில் அண்மைக் காலப் பனியில் ஈயம் செங்குத்தாக ஏறியிருந்தது. பிற்பாடு பேரு நாட்டுப் பழங்கால எலும்புகளை ஆராய்ந்தபோது, இக்காலத்து மனிதரின் எலும்பில் அதனிலும் நூற்றுக்கணக்கான மடங்கு ஈயம் உண்டென்று அவரும் அவரது தோழர்களும் கண்டனர். 1965இல் அவர் எழுதிய ஆய்வுரையின் சாரம் இதுதான்: எல்லோரிடமும் காணப்படுகின்றது என்பதனால் ஒன்று இயல்பானதாகிவிடாது. கீஹோ ஒப்பிட்டுப் பார்த்த மனிதர்கள் யாவரும் ஏற்கெனவே மாசடைந்தவர்கள். வழமையை அவர் இயற்கை என்று மயங்கிவிட்டார்.

எண்ணெய்க் கம்பனிகளிடமிருந்து பற்றர்சனுக்குக் கிடைத்து வந்த நிதி நின்றது. 1971இல் காற்றிலுள்ள ஈயத்தை ஆராய அமைக்கப்பட்ட தேசியக் குழுவில், அத்துறையில் மிகுந்த அறிவுடைய அவருக்கு இடம் கிடைக்கவில்லை. எனினும் அவர் ஓயவில்லை.

ஈயம் போன வழி

ஈயம் பெற்றோலை விட்டுப் போனதிலும் ஒரு பாடம் இருக்கின்றது. 1975ஆம் ஆண்டளவில் அமெரிக்கக் கார்களின் புகைக்குழாயில், வேறு நச்சுவாயுக்களைக் குறைப்பதற்காக ஒரு கருவி பொருத்தப்பட்டது. அதிலுள்ள பிளாற்றினத்தை ஈயம் பழுதாக்கியது. ஆகவே அந்தக் கார்களுக்கு ஈயமற்ற பெற்றோல் வேண்டியதாயிற்று. பிள்ளைகளுக்குக் கேடு என்று ஐம்பது ஆண்டுகளாகச் சொன்னபோது கிடைக்காத ஈயமற்ற பெற்றோல், ஒரு கருவிக்குக் கேடு என்றதும் கடைக்கு வந்தது. பிள்ளைகளின் நலம் கருதிய சட்டங்களும் அதே காலத்தில் உருவாயின என்பதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். ஆயினும் எஞ்சினின் சத்தத்தில் தொடங்கிய கதையில், இரண்டாம் முறையும் இயந்திரத்தின் முறைப்பாடே முதலில் கேட்கப்பட்டது என்பதை மறப்பதற்கில்லை.

1979இல் ஹேர்பேட் நீடில்மன் என்ற வைத்தியர், மசச்சூசெற்ஸ் மாநிலத்துச் சிறுவர்களின் விழுந்த பாற்பற்களைச் சேர்த்து ஆராய்ந்தார். பல்லில் ஈயம் கூடியிருந்த பிள்ளைகள் அறிவுச் சோதனைகளில் பின்தங்கினர். வகுப்பில் மனம் ஒருமுகப்படாதிருந்தனர். அவர்களிடம் வெளிப்படையான நோய் எதுவும் இருக்கவில்லை. அவர்களை யார் நோயாளிகள் என்பார்? "மந்தமான பிள்ளை" என்றே சொல்லியிருப்பார்கள். 1976க்கும் 1980க்கும் இடையில் பெற்றோலில் ஈயம் குறையக் குறைய, அமெரிக்க மக்களின் இரத்தத்திலுள்ள ஈயத்தின் சராசரி அளவு சுமார் 37 வீதம் வீழ்ந்தது. நிரூபித்துக் காட்டுங்கள் என்றவர்களுக்கு அதுவே விடையாயிற்று.

1996 தொடக்கத்தில் அமெரிக்க வீதிகளில் ஓடும் வாகனங்களுக்கு அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. நமது நாட்டில் 2002 யூனில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது; அதன்பின் கொழும்பு நகரக் காற்றில் ஈயம் குறைந்ததை அளவீடுகள் காட்டின. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021 யூலையில் நிறுத்தியது. 1921 டிசெம்பரிலிருந்து எண்ணினால் ஏறக்குறைய நூறு ஆண்டுகள். சத்தத்தை அடக்க மருந்து கண்டுபிடிக்கச் சில ஆண்டுகள் போதுமாக இருந்தன. மருந்தின் தீங்கை ஒப்புக்கொள்ள ஒரு நூற்றாண்டு சென்றது. வீதியோர மண்ணில் படிந்த ஈயமோ இன்றும் முற்றாக நீங்கவில்லை.

கருதாதது, அறியாதது, அறிய விரும்பாதது

இனி நமது கேள்விக்கு வருவோம். மிட்ஜ்லி பிள்ளைகளுக்கு நஞ்சூட்ட நினைத்தாரா? இல்லை. அவர் கருதியது நல்ல எஞ்சினை. அப்படியானால் அவரும் அவரைச் சார்ந்தோரும் குற்றமற்றவர்களா?

ஒரே செயலுக்கு இரு விளைவுகள் இருக்கலாம், அவற்றில் ஒன்று கருதப்பட்டது, மற்றையது கருத்துக்குப் புறம்பானது என்று புனித அக்குவினாஸ் தோமையார் தற்காப்பைப் பற்றி எழுதுகையில் காட்டினார். பின்வந்த ஒழுக்கவியலாளர் அதனை இரட்டை விளைவு நியதி என வகுத்தனர். செயல் தன்னளவில் தீயதாக இருத்தலாகாது. தீய விளைவை நாம் விரும்பலாகாது. தீய விளைவே நல்ல விளைவுக்கு வழியாகவும் ஆகலாகாது. கிடைக்கும் நன்மை, நேரும் தீமையை ஏற்றுக்கொள்ளத்தக்க அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இந்நான்கும் பொருந்தினால் கருதாத தீமை பழியாகாது.

"நான் வேணுமெண்டு செய்யேல்லை" என்பவர் இரண்டாவது நிபந்தனையைச் சொல்லிவிட்டு, நான்காவதை மறந்துவிடுகின்றார். நன்மையையும் தீமையையும் தராசில் இட வேண்டுமானால், தீமை எவ்வளவென்று தெரிந்திருக்க வேண்டும். அளந்து பாராதவன் எதை எதனோடு ஒப்பிடுவான்? ஆகவே தேடிப் பார்க்கும் கடமை அந்நியதிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது. நல்ல எண்ணம் அக்கடமையிலிருந்து நம்மை விடுவிப்பதில்லை. நல்ல எண்ணம் உண்மையாக இருந்தால், அதுவே நம்மைத் தேடத் தூண்டும்.

"தெரியாமல் போயிற்று" என்பதும் அப்படியே. அறியாமையிலும் வகை உண்டு. 1930இல் கொழும்பில் கார் வாங்கிய ஒருவர் தம் புகைக்குழாயில் ஈயம் போவதை அறிய வழியே இருக்கவில்லை. அது வெல்ல முடியாத அறியாமை, அவருக்குப் பழியில்லை. ஆய்வு தொடர வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு, தொடராமல் விட்டவர்களின் அறியாமை வெல்லக்கூடியது, முயன்றிருந்தால் அறிந்திருக்கலாம். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அறிந்தால் விடவேண்டி வரும் என்பதற்காக அறியாமலே இருக்க விரும்புவது அது. தோமையாரின் கருத்தில் இந்த அறியாமை குற்றத்தைக் குறைப்பதில்லை, கூட்டவும் கூடும். கீஹோ போன்றோர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று தீர்ப்பிடுவது நமது வேலையன்று. உள்ளங்களை அறிபவர் ஒருவரே. ஆயின் இந்த மூன்றாவது வகை நம்முள் எழும்போது அதை இனங்கண்டுகொள்வது நமது வேலை.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழலாம். எல்லாத் தீங்கையும் முன்னரே அறிந்த பின்தான் ஒன்றைச் செய்யலாம் என்றால், உலகில் எதுவுமே நடவாது. மருந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை, மோட்டாரும் இல்லை. உண்மையே. வேகமான எஞ்சின் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும், உணவை ஊருக்கு ஊர் சேர்த்ததும் மெய்யான நன்மைகள். எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆயின் 1925இல் வேறு வழி இல்லாமல் இருந்ததா? மதுசாரத்தைக் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்பது மிட்ஜ்லிக்கே தெரிந்திருந்தது. ஈயம் மலிவானது, சிறிதளவே போதுமானது, அதனைத் தனியுரிமையாக்கி விற்கலாம். நிறை எடுக்கப்பட்ட தராசில் ஒரு தட்டில் இருந்தது விற்பவரின் இலாபம். மறு தட்டில் இருந்தது பிறர் பிள்ளையின் மூளை. தராசைப் பிடித்திருந்தவரும் விற்பவரே. அங்கேதான் நீதி தவறியது.

அதே மிட்ஜ்லி 1928இல் குளிர்சாதனப் பெட்டிக்கென நஞ்சற்ற, தீப்பற்றாத வாயுவொன்றை ஆக்கும் வேலையிலும் வெற்றி கண்டார். வீடுகளில் அது உண்மையாகவே பாதுகாப்பானது. ஆயின் அது வான்வெளியில் உயரச் சென்று, சூரியனின் கடுங்கதிரைத் தடுக்கும் ஓசோன் படையை அரிக்கக்கூடும் என 1974இல் மொலீனா, றோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் காட்டினர். இம்முறை உலகம் நூறு ஆண்டுகள் காத்திருக்கவில்லை. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதற்கு மாற்றாக வந்த வாயுக்கள் பூமியைச் சூடாக்குவதைக் கண்டு, 2016இல் கிகாலி நகரில் அவற்றையும் குறைக்க இணங்கினர். ஓசோனைப் பற்றி 1928இல் எவரும் அறிந்திருக்க முடியாது. ஈயத்தைப் பற்றி 1924இல் அறிந்திருக்க முடியும். ஒரே மனிதரின் இரு கண்டுபிடிப்புகளில் அறியாமையின் இரு வகைகளையும் நாம் காண்கின்றோம். தவறு நேர்வது மனித இயல்பு. தவறென்று காட்டப்பட்ட பின் என்ன செய்கின்றோம் என்பதிலேயே ஒழுக்கம் தெரிகின்றது.

நமது கிணற்றடியில்

இவையெல்லாம் பெரிய நாட்டுப் பெரிய கம்பனிகளின் கதை என்று வாசகர்கள் ஆறுதல் கொள்ள வேண்டாம். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில், மேலேயுள்ள செம்மண் வழியாக நீர் விரைவில் கீழே இறங்கும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவுக்கு மீறி இடும் பசளையின் நைத்திரேற்றும் அத்துடன் இறங்கும். தோட்டக் கிராமங்களின் பல கிணறுகளில், உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவை நைத்திரேற்று தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் 1980கள் முதல் கண்டு வருகின்றனர். அத்தகைய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். பயிர் வாடினால் கண்ணுக்குத் தெரிகின்றது; உடனே பசளை போடுகின்றோம். கிணற்று நீரோ முன்போலவே தெளிவாக இருக்கின்றது. இங்கும் தட்டல் கேட்பதில்லை.

தோட்டக்காரரைக் குறைசொல்ல இதனை எழுதவில்லை. அவரது கடனும் உழைப்பும் நமக்குத் தெரியும். அவரது பிள்ளை குடிப்பதும் அதே கிணற்று நீரையே. ஆயின் பசளையை விற்பவர் அளவைச் சொல்லித் தரவும், கிணற்று நீரைச் சோதிக்கும் ஏற்பாட்டை உரியவர்கள் செய்யவும், நாம் கேட்கவும் கடமைப்பட்டிருக்கின்றோம். இலாபம் அடைபவர் ஒருவராகவும் நட்டம் அடைபவர் இன்னொருவராகவும் இருக்கும் இடத்தில், அளவுகோல் இலாபம் அடைபவரின் கையில் மட்டும் இருத்தல் ஆகாது.

ஈயத்தின் கதையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகத்தக்கது ஒரு கேள்வியே. தொல்லையொன்று நீங்கியதென நாம் மகிழும் போதெல்லாம், அது நீங்கிவிட்டதா, அன்றேல் இடம் மாறிவிட்டதா என்று கேட்க வேண்டும். நமது வளவைக் கூட்டி, குப்பையை அடுத்த வளவு வேலியோரம் கொட்டினால் நமது முற்றம் துப்புரவுதான். அழும் பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்தால் அழுகைச் சத்தமும் அடங்கும். அடங்கியது சத்தமா, துயரமா? அதனைப் பார்த்து அறிய வேண்டியவர், சத்தத்தினால் தொல்லைப்பட்டவரே.

இரண்டாவதாக, முதலில் முறையிடுபவரைக் கேட்க வேண்டும். பேவேயில் உண்மையை முதலில் அறிந்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். கூலிக்கு வேலை செய்தவர்கள். அவர்கள் தம் கட்டடத்துக்கு இட்ட பட்டப்பெயரை ஒருவர் பொருட்படுத்தியிருந்தால், ஐந்து குடும்பங்கள் தகப்பனையோ மகனையோ இழந்திரா. நமது ஊரிலும் "இந்தத் தண்ணி முந்தின மாதிரி இல்லை" என்று ஒரு கிழவி சொன்னால், அவரைச் சிரித்து அனுப்பாமல், ஒரு போத்தல் நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது மேல்.

மண்ணெண்ணெய் மோட்டார் சைக்கிள்கள் இன்று இல்லை. அந்த நாட்களில் எஞ்சின் தட்டினால் வேகத்தைக் குறைப்போம், பாரத்தை இறக்குவோம், இறங்கித் தள்ளியும் செல்வோம். சத்தம் தொல்லையாகவே இருந்தது. ஆயின் உள்ளே ஏதோ பழுதாகின்றது என்பதை அது மறைக்காமல் சொல்லியது. அதனைக் கேட்டு நாமும் நமது வேகத்தைக் குறைத்துக்கொண்டோம்.